முதுகுப்பையோடு மும்பையில் முதல் நான்கு நாள்

கேள்வி இது: திருச்சியிலிருந்து தனியாக, ஒரே ஒரு முதுகுப்பையோடு முதன்முறை மும்பை. கையில் நான்கு நாள், நாளுக்கு இரண்டாயிரம் ரூபாய், அரைகுறை இந்தி. எங்கே தங்குவது, எப்படிச் சுற்றுவது, எதில் ஏமாறாமல் இருப்பது?

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு காலையில் எலிஃபண்டா, மதியம் பாந்த்ரா, மாலையில் மரீன் டிரைவ் என்று திட்டம் போடுகிறவர்கள் பாதி நாளை வண்டியிலேயே தொலைக்கிறார்கள். மும்பையைத் தொடங்க வேண்டியது வரைபடத்திலிருந்து. கடலுக்குள் நீட்டிய விரல் போன்ற நிலம் அது. கொலாபா, மசகாவ், பரேல், வொர்லி, மாஹிம் என்று ஏழு தீவுகளை மண் கொட்டி இணைத்து உண்டாக்கிய தெற்குப் பகுதியை இன்றும் 'டவுன்' என்பார்கள். பாந்த்ராவுக்கும் சயானுக்கும் வடக்கே இருப்பது புறநகர். ஊர் வடக்கு தெற்காக ஓடுகிறது, ரயிலும் அப்படியே. அதனால் வடக்கு தெற்காகப் போவது எளிது, கிழக்கிலிருந்து மேற்கே போவது பாடு. ஒரு நாளைக்கு ஊரின் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும் இடத்திலேயே முதல் குழப்பம் வரும். தமிழ்நாட்டிலிருந்து போகும் ரயில்கள் ஒரே நிலையத்தில் முடிவதில்லை. சில சிஎஸ்எம்டி எனும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸுக்கு (பழைய விடி) போகும், சில தாதரில் முடியும், சில குர்லா அருகிலுள்ள லோக்மான்ய திலக் டெர்மினஸில் முடியும். மூன்றாவதில் இறங்கினால் வாசலில் மொய்க்கும் ஆட்களிடம் பேச்சுக் கொடுக்காமல் திலக் நகர் நிலையத்துக்கு நடந்துவிடுங்கள். அது ஹார்பர் லைன், அங்கிருந்து நேரே சிஎஸ்எம்டிக்கு லோக்கல், அதாவது புறநகர் மின்ரயில், உண்டு. பெரும்பாலான ரயில்கள் கல்யாணிலும் தாணேயிலும் நிற்கும். தங்குமிடம் வடக்கே என்றால் அங்கேயே இறங்கிவிடலாம், முனையம் வரை போய்த் திரும்ப வேண்டாம்.

விமானத்தில் வருபவர்கள் டிக்கெட்டில் விமான நிலையத்தின் குறியீட்டைப் பார்க்க வேண்டும். பழைய நிலையம் பிஓஎம், புதிய நவி மும்பை நிலையம் என்எம்ஐ. இரண்டாவது பன்வேல் பக்கம், வளைகுடாவுக்கு அந்தக் கரையில் இருக்கிறது. டவுனில் அறை போட்டுவிட்டு நள்ளிரவில் அங்கே இறங்கினால் டாக்ஸிக்கே ஒரு நாள் பணம் போய்விடும். பழைய நிலையம் என்றால் இப்போது கவலையே இல்லை. மெட்ரோ மூன்றாம் லைன் 2025 அக்டோபரில் கஃப் பரேட் வரை முழுதாகத் திறந்துவிட்டது. டெர்மினல் 1, 2 இரண்டிலும் நிலையம் உண்டு, ஒரே வண்டியில் சிஎஸ்எம்டி, சர்ச்கேட் வரை போகலாம். திறந்தபோது வைத்த அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாய். இரவு பத்தரை வாக்கில் கடைசி வண்டி கிளம்பிவிடும், அதற்குப் பிறகு டாக்ஸிதான்.

தங்குவதற்கு டவுனையே சொல்வேன், அதாவது கொலாபா அல்லது ஃபோர்ட். அந்தேரியில் படுக்கை சற்று மலிவாகக் கிடைக்கும். ஆனால் முதல் இரண்டு நாள் பார்ப்பதெல்லாம் தெற்கே இருக்கிறது. காலையில் கூட்டம் போகும் திசையிலேயே தெற்கே போய், மாலையில் கூட்டத்தோடேயே வடக்கே திரும்ப வேண்டிவரும். மிச்சம் பிடித்த முந்நூறு ரூபாய் உடம்பு வலியில் போய்விடும். டவுனில் தங்கினால் கதை தலைகீழ்: நீங்கள் வடக்கே போகும் நேரத்தில் எல்லோரும் தெற்கே வருவார்கள், உங்கள் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். டார்மெட்டரி படுக்கைக்கு 700 முதல் 1200 வரை வைத்துக்கொள்ளுங்கள், டிசம்பர் கடைசி வாரத்தில் இன்னும் ஏறும். ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்றின் அசல் வேண்டும். முகவரி இல்லாததால் பான் அட்டையைப் பல விடுதிகள் ஏற்பதில்லை.

காலை ஏழு மணிக்கே வந்து சேர்ந்துவிட்டீர்கள், அறை பன்னிரண்டுக்குத்தான் என்றால் விடுதி வரவேற்பிலேயே பையை வைத்துவிட்டுப் போகலாம், பெரும்பாலும் மறுப்பதில்லை. ரயில்வே கிளோக் ரூமில் வைப்பதானால் ரயில் டிக்கெட் காட்ட வேண்டும், பையில் பூட்டு இருக்க வேண்டும். பூட்டு இல்லாத முதுகுப்பையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஜிப்புகள் இரண்டையும் சேர்த்துப் போடும் சின்னப் பூட்டு ஒன்றை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி லோக்கல். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிய அதே தடம்தான் இன்றைய சென்ட்ரல் லைன். வெஸ்டர்ன் லைன் சர்ச்கேட்டில் தொடங்கி பாந்த்ரா, அந்தேரி, போரிவலி, விரார் என்று போகும். சென்ட்ரல் லைன் சிஎஸ்எம்டியில் தொடங்கி தாதர், குர்லா, தாணே, கல்யாண். ஹார்பர் லைனும் சிஎஸ்எம்டியிலிருந்துதான், வாஷி வழியாகப் பன்வேல் வரை. வெஸ்டர்னும் சென்ட்ரலும் சந்திக்கும் பெரிய இடம் தாதர். அங்கே முன்பு இரண்டு பக்கத்திலும் ஒன்றாம் எண் நடைமேடை இருந்து ஆளைக் குழப்பும். 2023 டிசம்பரில் அதைச் சரிசெய்துவிட்டார்கள்: 1 முதல் 7 வரை வெஸ்டர்ன், 8 முதல் 14 வரை சென்ட்ரல்.

டிக்கெட் கவுன்ட்டரில் நிற்க வேண்டியதில்லை. ரயில்வேயின் ரயில்ஒன் செயலியை ஊரிலிருந்தே ஏற்றி, கொஞ்சம் பணமும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மொபைல் டிக்கெட்டை நிலையத்துக்கு வெளியே நின்றுதான் எடுக்க முடியும். அதனால் உள்ளே போகுமுன்பே எடுத்துவிடுங்கள். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது, பரிசோதகர் கேட்டால் செயலியைத் திறந்தே காட்ட வேண்டும். ஃபோன் அணைந்துவிட்டால் டிக்கெட் இல்லாதவர் கணக்குத்தான்: அபராதம் குறைந்தது 250 ரூபாய், கட்டணம் தனி. இரண்டாம் வகுப்பில் பத்து கிலோமீட்டர் வரை ஐந்தே ரூபாய்தான். அதற்குப் போய் யாரும் ஏமாற்ற நினைப்பதில்லை, மாட்டுகிறவர்கள் பலரும் தெரியாமல் முதல் வகுப்பில் ஏறிவிட்ட புது ஆட்கள். முதல் வகுப்புப் பெட்டிக்கு வெளியே, நடைமேடையில், தூண்களில் சாய்வான கோடுகள் போட்டிருக்கும். கோடு கண்டால் தள்ளி நில்லுங்கள். பெண்கள் பெட்டிக்கும் இதேபோல் அடையாளம் உண்டு. தனியாகப் போகும் பெண்கள் அதைத் தேடி ஏறுவதே நல்லது. ஏசி லோக்கலுக்குத் தனி டிக்கெட், சாதாரண டிக்கெட் அதில் செல்லாது. ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் சுற்றுலா பாஸ்களும் கவுன்ட்டரில் கிடைக்கும். மூன்று நாள் பாஸ் வாங்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் டிக்கெட் எடுக்கும் தலைவலி இல்லை.

நடைமேடையில் தொங்கும் பலகையைப் படிக்கத் தெரிந்தால் பாதி மும்பைக்காரர் ஆகிவிட்டீர்கள். அதில் போகுமிடத்துக்கு ஓரிரு எழுத்து, வர எத்தனை நிமிடம், எத்தனை பெட்டி, எஃப் அல்லது எஸ். எஃப் என்றால் ஃபாஸ்ட், எஸ் என்றால் ஸ்லோ. ஸ்லோ எல்லா நிலையத்திலும் நிற்கும். ஃபாஸ்ட் வண்டி வெஸ்டர்னில் பொதுவாக மும்பை சென்ட்ரல், தாதர், பாந்த்ரா, அந்தேரி, போரிவலி என்று தாவித்தாவிப் போகும். சென்ட்ரலில் பைகுல்லா, தாதர், குர்லா, காட்கோபர், தாணே. மாட்டுங்காவுக்கோ மகாலட்சுமிக்கோ ஃபாஸ்டில் ஏறினால் நிலையம் கண்முன்னே ஓடிப்போவதைப் பார்க்கலாம். பதற வேண்டாம், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர் ஸ்லோவில் திரும்பி வாருங்கள்.

இன்னொன்று: மாலையில் விரார் ஃபாஸ்டில் பாந்த்ராவுக்கோ அந்தேரிக்கோ ஏறக் கூடாது. ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வீடு போகும் மக்கள் அதில் இருக்கிறார்கள். இடையில் இறங்குகிறவருக்கு அவர்கள் வழிவிட நினைத்தாலும் உடம்பைத் திருப்ப இடம் இருக்காது. குறுகிய தூரத்துக்கு அந்தேரி வண்டி, போரிவலி வண்டி இருக்கிறது.

கூட்ட நேரம் காலை எட்டு முதல் பதினொன்று வரை தெற்கு நோக்கி, மாலை ஐந்து முதல் ஒன்பது வரை வடக்கு நோக்கி. அந்த நேரத்தில் முதுகுப்பை முதுகில் இருக்கக் கூடாது, மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும். பின்னால் தொங்கினால் ஒரு ஆளின் இடத்தை அடைக்கும், ஜிப்பும் உங்கள் கண்ணில் இருக்காது. இறங்கும் நிலையத்துக்கு ஒரு நிலையம் முன்பே வாசல் பக்கம் நகர வேண்டும். முன்னால் நிற்பவரிடம் "தாதர் உதர்னா ஹை க்யா?" (தாதரில் இறங்க வேண்டுமா?) என்று கேளுங்கள். 'ஆம்' என்றால் அவர் பின்னாலேயே நின்றுவிடுங்கள், 'நஹீ' என்றால் அவரே ஒதுங்கி உங்களை முன்னே விடுவார். எந்தப் பக்கம் நடைமேடை வரும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். இது ஒரு நாகரிகம், யாரும் எரிச்சல்படுவதில்லை. கதவில் தொங்காதீர்கள், ஓடும் வண்டியிலிருந்து குதிக்காதீர்கள், தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காதீர்கள். பழகியவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்து உயிரை விட்டவர்கள் ஏராளம். நடைமேம்பாலப் படிகளில் நின்று ஃபோன் பார்ப்பதும் ஆபத்து. 2017 செப்டம்பர் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையப் படியில் மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டம் நெரிந்து 23 பேர் இறந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் பராமரிப்புக்காகப் பாதையை மூடுவார்கள், 'மெகா பிளாக்' என்று பெயர். எந்த லைன், எத்தனை மணி முதல் என்பது முந்தின நாளே அறிவிக்கப்படும். ஞாயிறு பகலில் புறநகர்ப் பயணம் வைக்காமல், டவுனில் நடந்து சுற்றும் நாளாக அதை வைத்துக்கொள்வது உத்தமம்.

சாலைப் போக்குவரத்தில் தமிழ்நாட்டு ஆளுக்கு இன்ப அதிர்ச்சி ஒன்று உண்டு, இங்கே மீட்டர் போடுவார்கள். 2025 பிப்ரவரியில் வந்த கட்டணப்படி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு ஆட்டோ 26 ரூபாய், கறுப்பு மஞ்சள் டாக்ஸி 31 ரூபாய். நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை கால் பங்கு கூடுதல். ஆட்டோ புறநகரில் மட்டும்தான். பாந்த்ராவையும் சயானையும் தாண்டித் தெற்கே அதற்கு அனுமதி இல்லை. கொலாபாவில் நின்று ஆட்டோ தேடாதீர்கள். புறநகரில் ஏறும்போது நிலையப் பெயர் மட்டும் சொன்னால் போதாது, ஈஸ்ட்டா வெஸ்ட்டா என்பதையும் சொல்ல வேண்டும். அந்தேரி ஈஸ்ட் வேறு உலகம், அந்தேரி வெஸ்ட் வேறு உலகம். தவறான பக்கம் இறங்கினால் நடைமேம்பாலம் ஏறிக் கடப்பதே விரைவு. சாலை வழியே சுற்றினால் அரை மணி நேரம் போகும்.

பெஸ்ட் எனப்படும் மாநகர பஸ்ஸில் கட்டணம் 2025 மே மாதம் முதல் குறைந்தது 10 ரூபாய், ஏசி 12 ரூபாய். முன்பக்கப் பலகையில் எண்ணே மராத்தி எழுத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். பக்கவாட்டில் வாசலை ஒட்டி ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து ஏறுங்கள். சென்னை மெட்ரோவின் சிங்காரச் சென்னை அட்டை உங்களிடம் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அது நாடு முழுவதற்குமான பொதுப் பயண அட்டை வகை, மூன்றாம் லைன் மெட்ரோவிலும் செல்லும். ஆன்லைனில் பணம் ஏற்றினால் மட்டும் அட்டைக்குள் வராது, ஒருமுறை நிலைய இயந்திரத்தில் வைத்துப் புதுப்பிக்க வேண்டும்.

முதல் நாளை முழுக்க நடைக்கு வையுங்கள். சிஎஸ்எம்டிக்கு எதிரே, மாநகராட்சிக் கட்டட ஓரம் நின்று நிலையத்தை நிதானமாகப் பாருங்கள். ஃபிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் வடிவமைத்தது, 1878-இல் தொடங்கிப் பத்தாண்டு எடுத்தது. 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கிருந்து தெற்கே ஹுதாத்மா சௌக், அதிலிருந்து கிழக்கே திரும்பினால் ஹார்னிமன் சர்க்கிள், 1833-இல் கட்டி முடித்த டவுன் ஹாலின் நீண்ட படிக்கட்டு. மறுபடி மேற்கே வந்தால் காலா கோடா. ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, உள்ளே ஏசியும் உண்டு, பதினொரு மணி வெயிலுக்கு வேறென்ன வேண்டும். அதன் பின் ஓவல் மைதானத்தின் நடுவில் போய் நில்லுங்கள். கிழக்கே ராஜாபாய் கோபுரமும் உயர்நீதிமன்றமும், எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோதிக் கல். மேற்கே 1930-களின் ஆர்ட் டெகோ வீடுகள், வளைந்த பால்கனியும் வெளிர் நிறமும். கோதிக் கட்டடங்கள் எழுந்தபோது அவற்றின் முகம் கடலைப் பார்த்து இருந்தது. பிறகு கடலைத் தூர்த்த நிலத்தில்தான் எதிர்வரிசை முளைத்தது. மண் கொட்டி வளர்ந்த ஊர் என்பதை ஒரே இடத்தில் நின்று, கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்க முடிகிற இடம் இது. யுனெஸ்கோ 2018-இல் இரண்டு வரிசையையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றியது. மாலை ஐந்தரைக்கு அங்கிருந்து பத்து நிமிட நடையில் மரீன் டிரைவ். தடுப்புச் சுவரில் உட்காருங்கள், அதற்குக் கீழே கிடக்கும் நான்கு கால் கான்கிரீட் கட்டைகளில் இறங்காதீர்கள். பாசி வழுக்கும், இடுக்கில் விழுந்தால் தூக்குவது கடினம்.

இரண்டாம் நாள் எலிஃபண்டா, திங்கள் தவிர. திங்களன்று குகைகள் மூடியிருக்கும். கொலாபாவில் கடலோரம் உள்ள கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து ஒன்பது மணிக்கு முதல் படகு, கிட்டத்தட்ட ஒரு மணி நேரப் பயணம், போகவர முந்நூறு ரூபாய்க்குள். நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்கு 40 ரூபாய். கவுன்ட்டரில் வாங்குங்கள், வழியில் மறித்து 'வழிகாட்டியோடு சேர்த்து' என்று விற்பவர்களிடம் வேண்டாம். படகில் உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் கடற்படையின் விசைப்படகு மோதி ஒரு பயணிகள் படகு கவிழ்ந்த பிறகும், கேட்காமல் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். தீவில் நூற்றுச் சொச்சம் படிகள் ஏறினால் முதல் குகை. அதன் சதாசிவ மூர்த்தி கிட்டத்தட்ட இருபது அடி உயரம், மூன்று முகம். நம் கோயில்களில் கருங்கல்லில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எரிமலைப் பாறையைக் குடைந்து உள்ளுக்குள்ளேயே எடுத்த இந்த உருவம் வேறு மாதிரி இருக்கும். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் கொடுங்கள். முதல் படகில் போனால் கூட்டம் வருமுன் அந்தப் பத்து நிமிடம் கிடைக்கும். குரங்குகள் கையில் தெரியும் பாட்டிலையும் பொட்டலத்தையும் பறிக்கும், பைக்குள் வையுங்கள். இரண்டு மணிக்குள் திரும்பிவிட்டால் மாலை கொலாபாவுக்கு மிஞ்சும். அங்கே குழந்தையோடு வந்து "காசு வேண்டாம், பால் பவுடர் வாங்கிக் கொடுங்கள்" என்று குறிப்பிட்ட கடைக்கு அழைத்தால் போகாதீர்கள். டப்பா திரும்பக் கடைக்கே போய்விடும், பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். உதவ நினைத்தால் பழமோ பிஸ்கட்டோ வாங்கிக் கையில் கொடுங்கள்.

மூன்றாம் நாளுக்குக் கடல் ஏற்ற இறக்க நேரத்தை முந்தின இரவே பாருங்கள். ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் கல்பாதை உயர் அலையில் மூழ்கிவிடும். ஏற்றம் நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இன்று பத்து மணிக்குப் பாதை திறந்திருந்தது என்பதால் மூன்று நாள் கழித்தும் திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. தர்கா, மகாலட்சுமி நிலையப் பாலத்திலிருந்து தெரியும் தோபி காட் என்ற திறந்தவெளிச் சலவைத்துறை, இரண்டையும் காலையில் முடித்துவிட்டு மாட்டுங்காவுக்குப் போங்கள். தமிழரும் உடுப்பிக்காரரும் வளர்த்த பேட்டை அது. நிலையத்துக்கு வெளியே பூக்கட்டும் கடைகள், வாழையிலை, வடிகட்டிய காப்பி. கஃபே மெட்ராஸ், ராம் ஆஷ்ரயா, ராமா நாயக் எல்லாம் 1940-ஐ ஒட்டித் தொடங்கியவை. சாம்பார் உடுப்பிப் பாணியில் லேசாக இனிக்கும், அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்திலேயே தாராவி. தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள் தலைமுறைகளாக வாழும் இடம். தமிழிலேயே பேசிக்கொண்டு நடக்கலாம். ஒன்றுதான், கேமராவை வெளியே எடுக்காதீர்கள். அது அவர்கள் வீட்டு வாசல்.

நான்காம் நாள் வடக்கு. போரிவலி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கான்ஹேரியில் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள், இதற்கும் திங்கள் விடுமுறை. வாசலிலிருந்து குகை வரை ஆறேழு கிலோமீட்டர், உள்ளே வண்டி விடுகிறார்கள். காலையில் டவுனிலிருந்து வடக்கே போவதால் ரயில் காலியாக இருக்கும். திரும்பும் வழியில் பாந்த்ரா வெஸ்டில் இறங்கி ரன்வார் என்ற பழைய குடியிருப்பின் சந்துகளும் கோட்டையும் பார்த்துவிட்டு, எட்டு மணிக்குத் தெற்கே திரும்பினாலும் நெரிசல் எதிர்ப்பக்கம்தான் இருக்கும்.

சாப்பாட்டுக்கு நாளைக்கு ஐந்நூறு தாராளம். காலையில் போஹா (அவல் உப்புமா) அல்லது இரானி கடையில் பன் மஸ்காவும் (வெண்ணெய் தடவிய பன்) சாயும். மரீன் லைன்ஸ் அருகே கயானி 1904 முதல் இருக்கிறது. வடா பாவ் வாங்கும்போது எண்ணெய்ச் சட்டியிலிருந்து வடை எடுக்கும் கடையாகப் பாருங்கள், ஆறிய வடை நெஞ்சைக் கரிக்கும். 'சுக்கா சட்னி' என்று கேட்டால் பூண்டுப் பொடி கூடுதலாக வைப்பார்கள். மீன் பிரியர்களுக்கு ஒரு அகராதி: சுர்மாய் என்பது வஞ்சிரம், பாப்லெட் என்பது வவ்வால், பாங்க்டா என்பது கானாங்கெளுத்தி. பொம்பில் நம் ஊரில் அரிது, ரவை தோய்த்துப் பொரித்தது கட்டாயம் ஒரு முறை சாப்பிடுங்கள். பேசும்போது ஆண்களைத் 'தாதா', வயதானவரைக் 'காகா', மூத்த பெண்களை 'மாவ்ஷி' என்றால் அரைகுறை இந்தியும் எடுபடும்.

இதெல்லாம் நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்கான கணக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் எலிஃபண்டாப் படகு அடிக்கடி நிற்கும், துணி காயாது. கனமழையும் நாலரை மீட்டருக்கு மேலான உயர் அலையும் ஒரே நேரத்தில் வந்தால் வடிகால் கடலுக்குள் இறங்காமல் ஊர் நிரம்பும். அன்று ரயில் நின்றுவிட்டால் இருக்கும் இடத்திலேயே இருங்கள். தண்ணீரில் நடக்க வேண்டாம், மூடியில்லாத சாக்கடையும் எலிக்காய்ச்சலும் உண்மையான ஆபத்துகள்.

திரும்பும் ரயில் எந்த முனையத்திலிருந்து என்பதை டிக்கெட்டில் பாருங்கள், வந்த நிலையமாகவே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இரவு வண்டியாக இருந்தாலும் பையோடு வடக்கே போவதை மாலை நாலரைக்குள் முடித்துவிடுங்கள். ஆறு மணிக்குச் சிஎஸ்எம்டியில் பெரிய பையோடு லோக்கல் ஏற முயல்வது வீண், இரண்டு மூன்று வண்டியை விட வேண்டியிருக்கும்.